அழகர் மலையா, சமணர் மலையா?

கோலாலம்பூரிலிருந்து மாமா குடும்பம் மதுரைக்கு வந்திருந்தது. மீனாட்சியை முதல் நாளே பார்த்தாயிற்று. "மாப்ள, நாளைக்குக் கொஞ்சம் மலை ஏறணும், கோயிலும் பார்க்கணும். ஆனா ஓட்டமா ஓடக் கூடாது" என்றார் மாமா. பத்துமலையின் 272 படிகளைத் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் ஏறுகிறவர், அவர் காலைப் பற்றிக் கவலை இல்லை. அத்தைக்குத்தான் மூட்டு வலி.

வெளியூர்ச் சொந்தம் இப்படிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு மலைதான் நினைவுக்கு வரும். வடக்கே 21 கிலோமீட்டரில் அழகர் மலை. மேற்கே, தேனி ரோட்டிலிருந்து பிரிந்தால் கீழக்குயில்குடி சமணர் மலை. திருப்பரங்குன்றத்தைச் சேர்க்கவில்லை. அந்தக் குடைவரைக் கோயிலுக்கே ஒரு காலைப்பொழுது வேண்டும்.

அழகர் மலையில் நிழலிலேயே நடக்கலாம். கள்ளழகர் கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்குப் போகும் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது, நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். முடியாதவர்களுக்குப் பஸ் இருக்கிறது. அத்தை பஸ்ஸில், மாமாவும் நானும் நடை, மேலே முருகன் சன்னதியில் சந்திப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வசதி சமணர் மலையில் கிடையாது. சோலைக்கும் மேலே ராக்காயி அம்மன் கோயில், நூபுர கங்கை. அழகரின் திருமஞ்சனத்துக்கு இந்தத் தண்ணீர்தான். வேறு தண்ணீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை.

கீழே இறங்கியதும் பதினெட்டாம்படிக் கருப்பு. சிலை இல்லை. சாத்திய பெரிய கதவுக்குச் சந்தனம் பூசி, அந்தக் கதவையே சாமியாகக் கும்பிடுகிறோம். கொடுக்கல் வாங்கல் தகராறுகள் எத்தனையோ இந்தக் கதவுக்கு முன்னால் சத்தியம் செய்து முடிந்திருக்கின்றன. அப்புறம் அழகர்கோயில் தோசை. தோல் நீக்காத உளுந்து, மிளகு, நெய். விரல் தடிமனுக்கு இருக்கும், ஓரம் கருகி மொறுமொறுவென்று, நடு மெத்தென்று. ஒன்றை இரண்டு பேர் பிய்த்துத் தின்றால் மதியச் சாப்பாடே வேண்டாம். குறை என்றால் விடுமுறை நாள் கூட்டமும் குரங்கும். கையில் பை வைத்திருந்தால் கவனம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் பெருமாளைப் பார்த்துவிட வேண்டும்.

சமணர் மலையில் கூட்டமே இருக்காது. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார், கருப்பு. அங்கிருந்து பாறையில் வெட்டிய படி. பாதி மலையில் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறைச் சுவரில் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வேலை. பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்து நிற்கிறது. உருவங்களுக்குக் கீழே செய்வித்தவர்களின் பெயர், பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில். காலை வெயில் சாய்ந்து விழும்போது அந்த எழுத்தின் வளைவுகள் தனியாகத் தெரியும், விரலால் தொடத் தோன்றும், தொடக் கூடாது. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகைக்குள்ளே சிங்கத்தின் மேல் அமர்ந்து, யானை மேல் வருபவனோடு போரிடும் இயக்கி, சமணப் பெண் தெய்வம். இவ்வளவையும் தனியாக நின்று பார்க்கலாம். இதற்காகவே என் மனசு சமணர் மலைப் பக்கம்தான் சாயும்.

ஆனால் மொட்டைப் பாறை. சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கே கால் சுடும். மழை பெய்த மறுநாள் வழுக்கும். மார்கழி, தையில் ஆறு மணிக்கு ஏறினால் சொர்க்கம்.

மாமா வந்தது சித்திரையில், கூடவே அத்தை. அழகர் மலைதான் என்று முடிவாயிற்று. தோசையைத் தின்றபடியே சமணர் மலையைப் பற்றிச் சொன்னேன். "தைக்கு வர்றேன்" என்றார் மாமா. வந்தால் தண்ணீர் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும், மேலே கடை கிடையாது.