மதுரை ஸ்கேன் சென்டரில் எனக்கு வந்த மாதவிடாய்

ஊருக்குப் போய் வந்த கதை என்றால் எல்லாரும் விமான நிலையம், வெயில், ஜிகர்தண்டா என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அதெல்லாம் நன்றாகவே நடந்தது, அதனால் சொல்ல ஒன்றுமில்லை. மனதில் நிற்பது ஒரு ஸ்கேன் சென்டரின் கவுண்டர்தான்.

நான் திருநங்கை. டொராண்டோவில் ஹார்மோன் சிகிச்சை தொடங்கி அரை வருஷம் ஓடிவிட்டது. பெண் ஹார்மோனான எஸ்ட்ராடியோல் மாத்திரை, கூடவே ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மார்பு துளிர்க்கும், வலிக்கும் என்று அங்கே டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மதுரை ஷேர் ஆட்டோவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? காளவாசலிலிருந்து பெரியார் நிலையம் போவதற்குள் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் உயிர் போய்த் திரும்பி வந்தது. டொராண்டோவில் சீட் பெல்ட்டுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால் போதும். இங்கே பெல்ட்டும் இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை, பக்கத்தில் இருப்பவரின் முழங்கை மட்டும் உண்டு.

அம்மா கட்டிப்பிடித்தபோது கத்திவிட்டேன். என்னவென்று தொட்டுப் பார்த்தவருக்கு முகமே மாறிவிட்டது. இடது காம்புக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக, தட்டையாக ஒரு கட்டி. வலது பக்கம் அதைவிடச் சின்னது. எங்கள் பெரியம்மா மார்பகப் புற்றுநோயில் போனவர். "அவளுக்கும் ஒரு பக்கம்தான் ஆரம்பிச்சுச்சு" என்றார் அம்மா. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வளராது, இது பூப்படையும் வயதில் எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்று நான் எடுத்துச் சொன்னது எதுவும் ஏறவில்லை. அரசு இராசாசி மருத்துவமனையில் திருநங்கையருக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் அங்கே அத்தை மகள் நர்ஸ். சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அம்மா மறுத்துவிட்டார். ஆக, தனியார் ஸ்கேன் சென்டர்.

இதற்கு டொராண்டோவில் என்றால் குடும்ப டாக்டரிடம் நேரம் வாங்கி, அவர் சீட்டு எழுதி, அது ஃபேக்ஸில் போய் (ஆமாம், அங்கே இன்னும் ஃபேக்ஸ்தான்), ஸ்கேனுக்குத் தேதி வந்து சேர்வதற்குள் வலியே நின்றிருக்கும். மதுரையில் காலையில் போய் டோக்கன் வாங்கினேன், மதியச் சாப்பாட்டுக்கு ரிப்போர்ட்டோடு வீட்டில் இருந்தேன். இந்த வேகத்துக்கு ஒரு கும்பிடு. நடுவில்தான் அந்தக் கவுண்டர்.

ஆதாரில் இன்னும் பழைய பெயர், பழைய பாலினம். நான் நின்றதோ சுடிதாரில். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண்தான், இதைச் சொல்லிவிட வேண்டும். பிரச்சினை அவளுடைய கம்ப்யூட்டர்.

"மேல்னு போட்டா இந்த ஸ்கேனே லிஸ்ட்ல வரலைங்க."

"அப்ப ஃபீமேல்னு போடுங்க."

"ஆதார்ல மேல்னு இருக்கே?"

"திருநங்கைன்னு தனியா இல்லையா?"

"அந்த ஆப்ஷன் இல்லைங்க... மேடம்."

தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது 2008இல். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014இல். இந்த மென்பொருளுக்கு இரண்டு செய்தியும் போய்ச் சேரவில்லை போலும். என் ஒன்டாரியோ ஹெல்த் கார்டில் 2016க்குப் பிறகு பாலினத்தையே அச்சடிப்பதில்லை. அதை எடுத்துக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன். காட்டி என்ன ஆகப்போகிறது?

சரி, ஃபீமேல் என்றே போட்டாள். அடுத்த கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம்.

"கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?"

"எனக்கு வராதுங்க."

"நின்னுருச்சா?"

"வந்ததே இல்லை."

அவள் பக்கத்து மேசையைப் பார்த்து, "அக்கா, இவங்களுக்கு வந்ததே இல்லையாம், என்ன போட?" என்றாள். ஹால் முழுக்கக் கேட்டது. எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் உச்சுக்கொட்டி, திருமங்கலத்தில் ஒரு சித்த வைத்தியர் இருக்கிறார், கைராசிக்காரர் என்றார். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் தேதி போடுடி, க்யூ நிக்குதுல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். அன்றைய தேதியையே போட்டுவிட்டாள்.

கவுண்டருக்கு மேலே, 1994ஆம் வருஷச் சட்டத்துக்காக எல்லா ஸ்கேன் சென்டரிலும் மாட்டியிருக்கும் பலகை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது. அதே சலுகையை வெளியே வந்துவிட்டவர்களுக்கும் கொடுத்திருக்கலாம்.

உள்ளே டாக்டரம்மா. வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஹார்மோன் எடுக்கிறியாம்மா? எத்தனை மாசமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், வேறு குசலம் எதுவும் இல்லை. வலிக்கிற பக்கத்தைக் கடைசியில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வலது பக்கம் தொடங்கினார். டொராண்டோவில் ஸ்கேன் எடுப்பவர் வாயைத் திறக்க மாட்டார், முடிவு டாக்டரிடம் போகும், அவர் எப்போதாவது கூப்பிடுவார். இவர் என்னைக் கேட்டுக்கொண்டு அம்மாவையும் உள்ளே அழைத்து, திரையைத் திருப்பிக் காட்டினார். காம்புக்குப் பின்னால் கருப்பாக ஒரு சின்னத் திட்டு. "இது கட்டி இல்லை. எஸ்ட்ரோஜன் பட்டதும் பால்குழாய்கள் கிளைவிட ஆரம்பிக்கும். பத்துப் பதினோரு வயசுப் பிள்ளைக்கு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கு."

வலி விட்டுவிட்டு வரும், முழு வளர்ச்சிக்கு இரண்டு மூன்று வருஷமோ அதற்கு மேலுமோ ஆகும், அவசரப்பட்டு மாத்திரையைக் கூட்டினால் சீக்கிரம் வளராது என்றார். கம்பி இல்லாத பருத்தி உள்ளாடை போடு, குப்புறப் படுக்காதே, தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால். கல் மாதிரி அசையாமல் இருந்தால், தோல் குழிந்தால், காம்பில் ரத்தம் வந்தால், சிவந்து காய்ச்சல் அடித்தால் உடனே வரவேண்டும். அம்மா அத்தனையையும் கேட்டுவிட்டு, "அப்ப இவளுக்கு உளுந்தங்களி கொடுக்கலாமா டாக்டர்?" என்றார். "தாராளமா." அன்றிலிருந்து தினமும் களி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்க மிதக்க.

பில்லைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆம்பளைங்களுக்கும் மார்பு வீக்கத்துக்குப் பார்க்கிறோமே, லோக்கல் பார்ட்னு, அதாவது உடம்புல ஒரு பகுதின்னு மட்டும் போட்டிருந்தா இந்தக் கேள்வியே வராதே!" அதற்குள் பில் போட்டாயிற்று.

கூத்து அதோடு முடியவில்லை. ரத்தப் பரிசோதனை அதே கட்டடத்தில் மாடியில். அங்கே ஆதாரைப் பார்த்து ஆண் என்று பதிந்துவிட்டார்கள். கீழே பெண், மேலே ஆண். என் எஸ்ட்ராடியோல் டாக்டர் விரும்பும், மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராமுக்குள் அழகாக இருக்கிறது. ஆனால் ஆணுக்கான அளவோடு ஒப்பிட்டதால் தடித்த எழுத்தில் அதிகம் என்று போட்டுக் கொடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று இன்னொரு தடித்த எழுத்து. இந்த வியாதி டொராண்டோ லேபிலும் உண்டு, ஊரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. பொட்டாசியம் சரியாக இருந்தது. ஸ்பைரோனோலாக்டோன் அதைக் கூட்டும், இளநீரும் கூட்டும், அம்மாவோ இளநீர்க்காரரை வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டிருந்தார்.

மருந்துக் கடையில் எஸ்ட்ராடியோல் மாத்திரை அட்டையை டாக்டர் சீட்டே கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். வசதிதான், பயமும்தான். சீட்டும் பரிசோதனையும் இல்லாமல் கருத்தடை மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொள்ளும் தோழிகள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அதில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடியோல் என்ற செயற்கை வகை, ரத்தம் உறையும் ஆபத்து அதில் கூடுதல். ஒருத்தியிடம் சொன்னேன். "அது விலை கம்மி அக்கா" என்றாள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டின் மேல் மூலையில் அந்த மாதவிடாய்த் தேதி அப்படியே இருக்கிறது. திருத்தித் தரச் சொல்லி வாட்ஸாப்பில் அனுப்பினேன். மென்பொருள்காரரிடம் சொல்கிறோம் என்று பதில் வந்தது, கூடவே மதிப்பீடு செய்ய ஒரு லிங்க். டாக்டரம்மாவுக்கு ஐந்து, கவுண்டருக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட வழியில்லை. மூன்று நட்சத்திரம் போட்டேன்.