“முடிஞ்ச வரைக்கும் போடு” என்பதா, “16 போடு” என்பதா?

மன்னார்குடியில் மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் கணக்குத் தாளை நீட்டும்போது “முடிஞ்ச வரைக்கும் போடுங்கப்பா” என்பதுதான் என் வழக்கம். கேட்க இதமாக இருக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்கு அளவே கிடையாது. பதினொன்றோடு பேனாவை மூடுகிறவனும் முடிந்தவரை போட்டவன்தானே!

கடினமான, எண்ணோடு கூடிய இலக்கே கூடுதல் வேலை வாங்கும் என்று உளவியலாளர் எட்வின் லாக் 1968-ல் எழுதினார். 1975-ல் கேரி லேதமும் சக ஆய்வாளரும் அமெரிக்காவில் மரம் ஏற்றும் லாரிகளில் இதைச் சோதித்தார்கள். சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவீதம் போலத்தான் ஓட்டுநர்கள் ஏற்றிவந்தார்கள். “94 சதவீதம்” என்று இலக்கு சொன்னதும் 90-ஐ ஒட்டிப் போனது. கூடுதல் கூலி எதுவும் இல்லை.

சரி, நம் திண்ணையில் எப்படி அளப்பது? ஒரு பேச்சுக்கு, பத்து நிமிடத்தில் ஐந்தைந்து பேர் போட்ட கணக்குகள் இவை என்று வைத்துக்கொள்வோம். ‘முடிஞ்ச வரைக்கும்’ குழு: 11, 12, 12, 13, 27. ‘16 போடு’ குழு: 14, 15, 15, 15, 16. இரண்டுக்கும் சராசரி 15. அப்படியானால் வித்தியாசமே இல்லையா?

கல்லணையில் இத்தனை கனஅடி திறந்தார்கள் என்பதை வைத்துத் தலைஞாயிறு கடைமடையில் தண்ணீர் ஏறியதா என்று சொல்ல முடியுமா? சராசரியும் அப்படித்தான். 27 போட்ட ஒரு பையன் மொத்தக் குழுவையும் தூக்கிக் காட்டுகிறான். வரிசைப்படுத்தி நடு ஆளைப் பார்த்தால், அதாவது இடைநிலையைப் பார்த்தால், முதல் குழுவுக்கு 12, இரண்டாவதுக்கு 15. எண்கள் சராசரியைவிட்டு எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் முதலாவதில் சுமார் 6, இரண்டாவதில் 0.6-தான். எண்ணைச் சொன்னதும் கடைமடைக்கும் தண்ணீர் போயிருக்கிறது.

அதனால் என் ஓட்டு எண்ணுக்கே. ஆனால் 27 போடக்கூடிய பையன் அந்தக் குழுவில் இருந்தால், 16 முடிந்ததும் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கப் போய்விடுவான். அவனுக்கு 30 என்று தனியாகச் சொல்ல வேண்டும். அப்புறம், புதுப் பாடம் தொடங்கும் வாரத்தில் எண்ணே வேண்டாம். வழி பிடிபடாத பிள்ளையிடம் இலக்கைச் சொன்னால் பக்கத்துத் தாளைத்தான் எட்டிப் பார்க்கும்.