அமோனியாவா, மெதனோலா? கிழக்குக் கரையிலிருந்து ஒரு பார்வை

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் கப்பல் தீப்பற்றியது. அதில் இருந்த 2,70,000 தொன் அளவு மசகெண்ணெய் கரைக்கு வந்தால் நம் கதி என்ன என்று அம்பாறைக் கரையோரம் பயந்துபோனது. நாளைய கப்பல்கள் எதில் ஓடும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, அது கடலில் கொட்டினால் என்ன ஆகும் என்பதைத்தான்.

எண்ணெய்க்குப் பதிலாக ஐதரசனை எரிபொருளாக்கலாம் என்கிறார்கள். ஆனால் அதைத் திரவமாக வைத்திருக்க மறை 253 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். அதனால்தான் அதை அமோனியா, மெதனோல் போன்ற வேறொரு பொருளில் ஏற்றிக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். அமோனியாவின் எடையில் 17.6 சதவீதம் ஐதரசன், மெதனோலில் 12.5தான். அமோனியாவில் காபனே இல்லை. எரித்தால் காபனீரொட்சைட்டு வராது. இது பெரிய விஷயம்தான்.

ஆனால் அமோனியா நமக்குப் புதிதல்ல. ஐஸ் தொழிற்சாலைகளைக் குளிராக்குவது அதுதான். கசிந்தால் கண்ணும் மூச்சும் என்ன பாடுபடும் என்று அங்கே வேலை செய்தவர்களைக் கேளுங்கள். தண்ணீரில் சட்டென்று கரையும். மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. மட்டக்களப்பு வாவி மாதிரி ஒடுங்கிய நீரில் அதை நினைக்கவே முடியவில்லை. சரியாக எரியாவிட்டால் நைதரசு ஒட்சைட்டு வரும். அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

மெதனோல் சாதாரண வெப்பநிலையிலேயே திரவம். கடலில் கொட்டினால் கலந்து ஐதாகிவிடும், நுண்ணுயிர்கள் தின்றுவிடும். 2015இலிருந்து ஸ்டெனா ஜெர்மானிக்கா என்ற பயணிகள் கப்பலும் 2023இலிருந்து லோரா மெர்ஸ்க் என்ற கொள்கலன் கப்பலும் அதில் ஓடுகின்றன. குடித்தால் கண் போகும், உயிரும் போகும். பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரிவதே அரிது. ஆகவே அதுவும் சாதுவல்ல.

தாங்கியின் அளவு இரண்டுக்கும் தொல்லை. டீசல் 1 லீற்றருக்கு மெதனோல் 2.3 லீற்றர் அளவில் வேண்டும், அமோனியா கிட்டத்தட்ட 3.

மெதனோலில் எனக்கு உறுத்துவது அதன் காபன் எங்கிருந்து வருகிறது என்பது. நிலக்கரியிலோ இயற்கை வாயுவிலோ செய்தால் பெயரை மாற்றியதோடு சரி. வைக்கோல், உமி போன்ற கழிவிலிருந்து செய்தால் கணக்கே வேறு. அம்பாறை வயல்களில் அவற்றுக்கா பஞ்சம்?

பயிற்சி பெற்ற ஆட்களோடு ஆழ்கடலில் போகும் பெருங்கப்பலுக்கு அமோனியா இருக்கட்டும். கரையோரம் ஓடுவதற்கு மெதனோல் என்பேன். வாழைச்சேனையிலிருந்து போகும் பலநாள் படகில், என்ஜினுக்குப் பக்கத்திலேயே படுத்துறங்கும் நம் ஆட்களுக்கு அமோனியாத் தாங்கியைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.