கிட்டா, ஸ்லைடா, பி.சி.ஆரா? உண்ணிக் காய்ச்சலில் எதை நம்புவது

எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தபோது உடனடி ரத்தச் சோதனைக் கிட்டில் எர்லிக்கியா என்ற பாக்டீரியா பாசிட்டிவ். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, தட்டணுக்களும் ஏறத் தொடங்கின. ஆனால் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறியே கிடந்தது. இரண்டு வாரம் கழித்து ரத்தத்தை ஸ்லைடு போட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, சிவப்பணுக்களுக்குள் பபேசியா என்ற ஒட்டுண்ணியும் குடியிருந்தது. அதை டாக்ஸிசைக்ளின் ஒழிக்காது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பழுப்பு நாய் உண்ணி ஒன்றே எர்லிக்கியாவையும் பபேசியாவில் ஒரு வகையான வோகெலியையும் கடித்துப் பரப்பும். அதே உண்ணியை நாய் கடித்து விழுங்கினால் ஹெபடோசூன் என்ற இன்னொரு ஒட்டுண்ணியும் வரும். கொசு தரும் இதயப்புழு தனிக் கணக்கு.

கிட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை ஏமாற்றியது அதுதான். சில சொட்டு ரத்தம், பத்து நிமிடத்தில் பதில். பரவலாகப் புழங்கும் நாலு-இன்-ஒன் கிட் பார்ப்பது இதயப்புழு, எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, லைம் ஆகியவற்றை. பபேசியாவும் ஹெபடோசூனும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தவிர, இதயப்புழுவைத் தவிர்த்த மற்ற மூன்றுக்கும் அது தேடுவது கிருமியை அல்ல, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி). நோய் தொற்றிய முதல் நாட்களில் எதிர்ப்பொருள் இருக்காது, குணமான பிறகோ மாதக்கணக்கில் தங்கும். கிட் நெகட்டிவ் என்றால் டாக்டர் மேற்கொண்டு தேடுவார். பாசிட்டிவ் வந்துவிட்டால்தான் ஆபத்து, எல்லோரும் தேடுவதை நிறுத்திவிடுகிறோம்.

ஸ்லைடு பழைய முறை, செலவும் குறைவு. காது நுனியில் ஊசியால் குத்தி, முதலில் துளிர்க்கும் சொட்டைக் கண்ணாடியில் இழுத்துச் சாயம் ஏற்றுவார்கள். நுண் ரத்தக்குழாய் ரத்தத்தில் பபேசியா அகப்படும் வாய்ப்பு கூடுதல். வோகெலி என்றால் பேரிக்காய் வடிவில் ஜோடியாக இருக்கும், கிப்சோனி என்ற இன்னொரு வகை என்றால் குட்டி மோதிரம் போல. ஹெபடோசூன் வெள்ளையணுவுக்குள் மாத்திரை மாதிரி படுத்திருக்கும். ஸ்லைடில் எனக்குப் பிடித்ததே, எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியதில்லை என்பதுதான். ஆனால் பார்க்கிறவர் கண்ணும் பொறுமையும்தான் எல்லாம். எர்லிக்கியா இதில் சிக்குவது அபூர்வம், கிருமி குறைவாக இருந்தால் பபேசியாவும் தப்பிவிடும்.

பி.சி.ஆர். கிருமியின் மரபணுவையே தேடும், இனத்தையும் பிரித்துச் சொல்லும். அந்தப் பிரிப்பு சும்மா இல்லை. வோகெலிக்கு இமிடோகார்ப் ஊசி கேட்கும். கிப்சோனிக்கு அது போதாது, அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்து 10 நாள் தர வேண்டும். குறை என்றால், முடிவு வர நாளாகும். நாள்பட்ட எர்லிக்கியா மண்ணீரலில் பதுங்கிக்கொண்டால் ரத்தத்தில் நெகட்டிவ் காட்டலாம். டாக்ஸிசைக்ளின் உள்ளே போன பிறகு எடுத்த ரத்தமும் அப்படித்தான்.

இன்னொரு முறை வந்தால் நான் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. கிட்டும் ஸ்லைடும் அன்றைக்கே. முதல் மாத்திரைக்கு முன்னால் ரத்தம் உறையாமல் வைக்கும் ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிடுவேன். சில நாளில் ஈறு சிவக்கவில்லை என்றால் அது பி.சி.ஆருக்குப் போகும். சிவப்பணு சரிவதைப் பார்த்து, உடம்பே தன் ரத்தத்தை அழிக்கிறது என்று ஸ்டீராய்டு எழுதும் நிலை வந்தால், அதற்கு முன் பபேசியா பார்த்தாயிற்றா என்று கேட்பேன்.

அப்புறம், குணமாகிவிட்டதா என்று பார்க்கக் கிட் உதவாது, எதிர்ப்பொருள் அப்போதும் கோடு காட்டும். கிப்சோனிக்குச் சிகிச்சை தொடங்கி 2 மாதத்தில் ஒருமுறை, 3 மாதத்தில் இன்னொரு முறை பி.சி.ஆர். பார்ப்பார்கள். எங்கள் நாய்க்கு முதல் தடவை நெகட்டிவ் வந்துவிட்டது, இரண்டாவது அடுத்த மாதம்.