மெஷின் சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளைக்கு மாம்பலத்தில் ஒரு சலூன்

மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா சாலையில் அயோத்தியா மண்டபத்தைத் தாண்டிப் போனால் பிரியும் தெருக்களில் ஒன்றில், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்தக் கடை. பலகையில் ‘சலூன்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். ரெண்டு நாற்காலி, ஒரு பெஞ்ச், ஏசி கிடையாது. என் பையனுக்கு முடி வெட்ட இப்போது நாங்கள் போகிற ஒரே கடை இதுதான்.

அவனுக்கு 4 வயது, எல்கேஜி படிக்கிறான். எல்லாமே அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக உறைக்கும். மிக்ஸி போடப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காதைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவான். சட்டைக் காலரில் இருக்கும் லேபிளை வெட்டி எடுக்காமல் போட்டுவிட முடியாது. வகுப்பில் வேறு பிள்ளை அழுதால் இவனும் அழுவான். இது பிடிவாதம் இல்லை, அவன் சுபாவமே அப்படி என்று புரிந்துகொள்ள எனக்கே ரெண்டு வருஷம் ஆனது.

போன வருஷம் ஒரு மாலில் குழந்தைகளுக்கென்றே இருக்கிற சலூனுக்குக் கூட்டிப்போனோம். கார் மாதிரி நாற்காலி, எதிரே டிவியில் கார்ட்டூன். ட்ரிம்மரைப் போட்டதுமே அலறினான். ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் வெட்டினார். நானும் அவன் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. அதற்கப்புறம் கழுத்தில் துண்டு போட்ட யாரைப் பார்த்தாலும் அழுகைதான். ஆறு மாதம், அவன் தூங்கும்போது நானே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். “திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுடலாம்மா” என்றார் மாமியார். அங்கே மொட்டை போடும் இடமான கல்யாண கட்டாவின் கூட்டத்தையும் ஈரத் தலையில் கத்தி படுவதையும் இவன் தாங்கமாட்டான் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

மெஷினைக் காதுக்குப் பின்னால் வைக்கும்போது சத்தம் காற்று வழியாக மட்டும் வருவதில்லை, அதிர்வு மண்டை எலும்பு வழியாகவும் உள்ளே போகிறது. இவனுக்கு அது தலைக்குள்ளேயே மிக்ஸி ஓடுகிற மாதிரி.

இந்தக் கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். முதல் தடவை விஷயத்தைச் சொன்னதும், “இன்னைக்கு வெட்ட வேணாம்மா. சும்மா உக்காந்து பாத்துட்டுப் போகட்டும்” என்றார். தண்ணீர் அடிக்கிற பாட்டிலைப் பையன் கையில் கொடுத்தார். கண்ணாடி முழுக்க அடித்து நனைத்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காசும் வாங்கவில்லை.

ரெண்டாம் தடவை, கடையில் போர்த்துகிற நைலான் துணி வேண்டாம், வீட்டிலிருந்து பழைய வேட்டி கொண்டுவாங்க என்று சொல்லியிருந்தார். நாற்காலியின் கைகள் மேல் பலகை போடாமல் என் மடியிலேயே உட்கார வைத்துக்கொண்டோம். வெறும் கத்தரிக்கோலும் சீப்பும்தான். “தம்பி, பத்து எண்ணுவேன். பத்து வந்ததும் கத்தரி கீழ போயிடும், பாரு” என்றார். சொன்னபடியே ஒவ்வொரு பத்துக்கும் கத்தரியை மேஜைமேல் வைத்து, ரெண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

காது பக்கம் வந்ததும் பையன் தோளை உயர்த்தி இறுகிக்கொண்டான். அவர் நிறுத்திவிட்டு, “உன் காதை நீயே மடக்கிப் பிடிச்சுக்கோ கண்ணு, நான் தொடமாட்டேன்” என்றார். சின்ன விரல்களால் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தான். காதைத் தொடாமலே சுற்றி வெட்டி முடித்தார். இந்த யோசனை எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பவுடர் போடுவதற்குக்கூட முதலில் கேட்டார். வேண்டாம் என்றான், போடவில்லை.

குறைகளையும் சொல்கிறேன். நாற்பது நிமிஷம் ஆகும். கழுத்தில் மெஷினோ பிளேடோ படாததால் கீழ் ஓரம் ஒரே சீராக இருக்காது. கிருதா ஒரு பக்கம் கொஞ்சம் நீளமாகவே நின்றது, வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். வெயில் காலத்தில் மதியம் உள்ளே புழுக்கம் தாங்காது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் நெரியும், ரெண்டு நாற்காலியிலும் மெஷின் ஓடும். இந்த மாதிரிப் பிள்ளைகளை அப்போது கூட்டிப்போக வேண்டாம். புதன், வியாழன் பதினோரு மணிக்கு மேல் போனால் கடை அமைதியாக இருக்கும். கழுத்தில் ஒட்டும் முடி இவனுக்கு ஆகாது என்பதால் நான் மாற்றுச் சட்டை எடுத்துப்போகிறேன். கட்டணம் 120 ரூபாய். கூடக் கொடுத்தால் வாங்கமாட்டார்.

மூன்றாம் தடவை பையனே எண்ண ஆரம்பித்தான். ஏழு வந்ததும் “போதும் தாத்தா” என்றான். இன்னும் பாதித் தலை பாக்கி. சமாதானம் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டார். பாதி வெட்டிய தலையோடு தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். மறுநாள் அவனே கேட்டு, போய் மீதியை வெட்டிக்கொண்டு வந்தோம். ரெண்டு நாளைக்கும் சேர்த்து அதே 120 ரூபாய்தான் வாங்கினார்.