சிபேப் கருவியுடன் ஏழு மாதங்கள்: ஏறி இறங்கிய உடல்தெம்பு

கம்பத்தில் எனக்கு ஏலக்காய் வியாபாரம்; தோட்டம் மலைக்கு மேலே, ஆனக்கரைப் பக்கம் இருக்கிறது. வாரத்தில் நான்கு இரவுகள் கீழேயும் மூன்று இரவுகள் மேலேயும் தங்குவது பல ஆண்டுப் பழக்கம். போடி ஏல மையத்தில் கணினித் திரைக்கு முன்னால் அமர்ந்து விலை கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் செருகி, வாங்க நினைத்த இரண்டு லாட்டுகள் கைவிட்டுப் போயின. அதே வாரம் கம்பம்மெட்டுச் சாலை வளைவில் ஜீப் வலப்பக்கம் ஒதுங்கியபோது, உடன் வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். அதன் பிறகுதான் மருத்துவரிடம் போனேன். இரவில் செய்த பரிசோதனையில், உறக்கத்தில் மணிக்கு 38 முறை மூச்சு நிற்பதாகவோ குறைவதாகவோ தெரிந்தது. குறைந்தது 10 விநாடி நீடிக்கும் தடைகளையே இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். மணிக்கு 5க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30க்கு மேல் போனால் கடுமையான ஸ்லீப் ஆப்னியா, அதாவது உறக்க மூச்சுத்தடை என்று மருத்துவர் விளக்கினார்.

வைகாசியில் தானியங்கி சிபேப் கருவி ஒன்றை, முகக்கவசமும் ஈரப்பதமூட்டியும் சேர்த்து 58,000 ரூபாய்க்கு வாங்கினேன். உறங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடாதபடி, குழாய் வழியே காற்றை இடைவிடாமல் செலுத்தி, அந்த அழுத்தத்தால் பாதையைத் திறந்து வைத்திருப்பதே இதன் வேலை. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1981இல் வெளியிட்ட முறை இது. அடிப்படை இன்றும் அதுவேதான்.

முதல் இரவிலேயே குறட்டை நின்றுவிட்டதாக மனைவி சொன்னார். திரையில் தெரிந்த எண்ணும் ஒரே வாரத்தில் 38இலிருந்து 4க்கு இறங்கியது. ஆனால் என் தெம்பு அந்த எண்ணோடு சேர்ந்து நடக்கவில்லை என்பதையே இங்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மூன்றாம் நாள் காலை, பல ஆண்டுகளில் முதல்முறையாகத் தலை கனக்காமல் எழுந்தேன். அன்று மதியம் வரை தோட்டம் முழுவதும் நடந்தேன். அந்த நாட்களில் கனவுகள் மிகத் தெளிவாகவும் நீளமாகவும் வந்தன. இத்தனை காலம் கிடைக்காமல் போன கனவு உறக்கத்தை உடல் ஈடுகட்டிக்கொள்ளும்போது இப்படி நேர்வதுண்டு என்று மருத்துவர் சொன்னதால் பயப்படவில்லை. இரண்டாம் வாரத்தில் நிலைமை தலைகீழானது. ஸ்டோரில் காய் தரம் பிரிப்பதை மேற்பார்வையிடக்கூட முடியாமல், சாக்குகளின் மேல் சாய்ந்து உறங்கிவிட்டேன். பணத்தை வீணாக்கிவிட்டோமோ என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

மறுநாளிலிருந்து கணக்குச் சிட்டையின் ஓரத்தில் அன்றன்றைய தெம்புக்குப் பத்துக்கு மதிப்பெண் எழுதத் தொடங்கினேன். கருவி இரவுதோறும் பதிவு செய்யும் பயன்பாட்டு நேரத்தையும் காற்றுக் கசிவையும் பக்கத்தில் எழுதினேன். மூன்று வாரப் பக்கங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. 3 மதிப்பெண் எழுதிய நாட்களின் முந்தைய இரவுகளில், அதிகாலை இரண்டு மணி வாக்கில், எனக்கே தெரியாமல் கவசத்தைக் கழற்றிவிட்டிருந்தேன். பயன்பாடு மூன்று மணி நேரத்தைத் தாண்டவில்லை. திரையில் காணும் 4 என்பது கவசம் முகத்தில் இருந்த நேரத்திற்கு மட்டுமே பொருந்தும். கழற்றிய பிறகு நின்ற மூச்சுகளை அது எண்ணுவதில்லை.

கழற்றியதற்குக் காரணம் கவசம்தான். விற்ற கடையில் மூக்கையும் வாயையும் மூடும் பெரிய கவசம் ஒன்றையே கொடுத்தார்கள். முகத்தை அளக்கவுமில்லை, வேறு வகைகளைக் காட்டவுமில்லை. காற்று கண்ணில் அடிக்கிறது என்று தொலைபேசியில் சொன்னபோது, வாரை இறுக்கிக்கொள்ளுங்கள் என்ற ஒரே பதில் கிடைத்தது. இறுக்கியதில் மூக்குத்தண்டில் தோல் உரிந்தது. ஆனக்கரையில் நான்கு ஆண்டுகளாக இதே சிகிச்சையில் இருக்கும் ஓய்வுபெற்ற மாஷ் (ஆசிரியர்) ஒருவர்தான், உட்கார்ந்துகொண்டு வாரைச் சரிசெய்யக் கூடாது, காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது படுத்தபடியே சரிசெய்ய வேண்டும் என்று செய்து காட்டினார். பிறகு, மூக்கை மட்டும் மூடும் கவசத்தைத் தனியாக வாங்கினேன். கசிவு அடங்கியது, ஆறு மணி நேரம் தொடர்ந்து அணிய முடிந்தது, சிட்டையில் 7 என்ற எண் அடிக்கடி வரத் தொடங்கியது.

மலை இரவுகள் தனியாகக் குறிப்பிடத்தக்கவை. உயரத்துக்கு ஏற்ப அழுத்தத்தைக் கருவியே திருத்திக்கொள்கிறது. அதில் குறை எதுவும் காணவில்லை. ஆனால் குளிர்ந்த இரவுகளில், ஈரப்பதமூட்டியிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று குழாயிலேயே குளிர்ந்து நீராகிவிடுகிறது. ஐப்பசி மழையில் ஒரு நாள், குழாய் களகளவென்று ஒலிக்க, மூக்குக்குள் நீர் தெறித்துத் திடுக்கிட்டு எழுந்தேன். ஈரப்பத அளவை 5இலிருந்து 3க்குக் குறைத்தேன். கருவியைக் கட்டிலைவிடத் தாழ்வான முக்காலியில் வைத்தேன். மனைவி பழைய நூல் சேலையைக் கிழித்துக் குழாய்க்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தார். அதன் பின் அந்தத் தொல்லை இல்லை. சூடேற்றும் குழாயைத் தனியாக விற்கிறார்கள். மலையில் இருப்பவர்கள் முதலிலேயே அதைக் கேட்டு வாங்குவது நல்லது. மின்சாரம் போனால் கருவி நின்றுவிடும், உள்ளே பேட்டரி கிடையாது. இன்வெர்ட்டரில் ஓட்டும்போது, சூடேற்றும் பகுதியை அணைத்துவிட்டால் மின்செலவு வெகுவாகக் குறைகிறது.

தண்ணீர்த் தொட்டிக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரே ஏற்றது. போர்வெல் தண்ணீர் ஊற்றிய மூன்றே நாளில் அடியில் வெள்ளைப் படலம் படிந்துவிட்டது.

மூன்றாம் மாதத்தில் மற்றொரு சரிவு வந்தது. இம்முறை கசிவும் இல்லை, பயன்பாட்டிலும் குறையில்லை. தெம்பு வந்துவிட்ட மகிழ்ச்சியில், இரவு பதினொன்றரை வரை கணக்குப் பார்த்துவிட்டு, அதிகாலை நான்கரைக்கு மலையேறப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். உறங்கும் நேரத்தை அடைப்பில்லாத உறக்கமாக மாற்றித் தர இந்தக் கருவியால் முடிகிறது. நாம் உறங்காத மணி நேரத்தை அதனால் கொடுக்க முடியாது. மருத்துவர் இரத்தச் சோதனையில் தைராய்டையும் ஹீமோகுளோபினையும் பார்த்து, அவை இயல்பாக இருப்பதை உறுதி செய்த பிறகு, பத்து மணிக்குப் படுக்கச் சொன்னார். மாலை நான்கு மணிக்கு மேல் காபியையும் நிறுத்தினேன். பகல் உறக்கத்தை அளக்கும் எட்டுக் கேள்விகள் கொண்ட எப்வொர்த் படிவத்தில் தொடக்கத்தில் 24க்கு 17 வாங்கியிருந்தேன். பத்துக்கு மேல் போனாலே மிகையான பகல் உறக்கம். மூன்றாம் மாதம் 11, இந்த மார்கழியில் 6.

மூச்சுத்தடை உறுதியாகி, மருத்துவர் பரிந்துரைத்திருந்தால் இந்தக் கருவியைத் தயங்காமல் வாங்கலாம். பணம் கொடுப்பதற்கு முன், கவசம் பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் ஓட்டுநர் வேலையை வேறு ஒருவரிடம் விட்டுவிடுங்கள். நான் ஜீப்பை மீண்டும் கையில் எடுத்தது கார்த்திகையில்தான். இப்போதும், சிட்டையில் 5க்குக் கீழே எழுதும் நாளில் பக்கத்து இருக்கையில்தான் உட்காருகிறேன்.