அந்தரங்கப் பொருள் விற்கும் இணையக் கடைக்கு எது கைகொடுக்கும்: விளம்பரமா, அமேசானா, தமிழ்க் கட்டுரையா?

ஓசூரிலோ தர்மபுரியிலோ இருந்துகொண்டு ஆணுறை, லூப்ரிகன்ட் (உறவின்போது தடவும் வழுக்கும் ஜெல்), கர்ப்பப் பரிசோதனைக் கிட் மட்டும் விற்கிற இணையக் கடை போட நினைப்பவர்களுக்கு இது. ஆபாசப் படம் போடும் தளம் என்றால் யோசிக்கவே வேண்டாம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவில் முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

காசு கொடுத்துச் செய்யும் விளம்பரம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஆணுறையை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அதுவும் கருத்தடை, உடல்நலத்துக்கான பொருள் என்றுதான் காட்ட முடியும். சுகம், இன்பம் என்று எழுதினால் விளம்பரம் நிராகரிக்கப்படும், திரும்பத் திரும்ப நடந்தால் கணக்கே முடங்கலாம். காசு கட்டுவதை நிறுத்திய அன்றைக்கே ஆள் வரத்தும் நின்றுவிடும்.

அமேசானில் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது, சரி. ஆனால் அங்கே மேன்ஃபோர்ஸ், டியூரெக்ஸ் போன்ற பெரிய ஆணுறை பிராண்டுகள் பக்கத்தில் நின்று விலையில் மோத வேண்டும், அமேசானுக்குக் கட்டணமும் போகும், வாங்கியவர் கடைசி வரை அமேசானின் வாடிக்கையாளராகத்தான் இருப்பார்.

என் ஓட்டு, கடையின் தளத்திலேயே எழுதிப் போடும் தமிழ்க் கட்டுரைக்கு. நம் ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஆண்மைக் குறைவு போஸ்டர்களைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம், 1954-ஆம் வருடச் சட்டம் அப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடை செய்தும் அவை ஓயவில்லை. மருந்துக் கடையில் பத்துப் பேர் நடுவே கேட்கக் கூசுகிற அரூர்க்காரரோ பென்னாகரத்துக்காரரோ ராத்திரி கூகுளில்தான் கேட்கிறார். அவருக்கு மிரட்டாமல், ஏமாற்றாமல் நேராகப் பதில் சொல்லும் பக்கம் தமிழில் குறைவு. உதாரணத்துக்கு, தேங்காய் எண்ணெய் தடவினால் லேடெக்ஸ் ஆணுறை பலவீனமாகிக் கிழியும், தண்ணீர் அல்லது சிலிகான் சார்ந்த லூப்ரிகன்ட்தான் பாதுகாப்பு என்று காரணத்தோடு எழுதுங்கள், அந்தப் பக்கமே லூப்ரிகன்டை விற்றுக்கொடுக்கும். ஆணுறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை எடுக்கலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்பதையும் எழுதுங்கள், அதில் உங்களுக்கு விற்பனை இல்லாவிட்டாலும். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், ஆனால் கூகுள் தேடலில் ஒருமுறை மேலே வந்த பக்கம் தினமும் ஆள் கொண்டுவரும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய என்பதால் அந்த மொழிகளிலும் போடுவது நல்லது.

அப்புறம் பார்சல். இந்தத் தொழிலில் அதுவும் விளம்பரம்தான். மேலே எந்தப் படமும் இல்லாத பழுப்பு அட்டைப்பெட்டி, அனுப்புநர் இடத்தில் சாதாரணக் கம்பெனிப் பெயர், ஜிபே ரசீதிலும் அதே பெயர். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவருக்கு கூரியர்காரர் வாசலில் நின்று என்ன சொல்வாரோ என்ற பயம்தான் பெரிது, அதனால் கூரியர் ஆபீஸிலேயே வந்து வாங்கிக்கொள்ளும் வசதியைத் தெளிவாகக் காட்டுங்கள். பொருள் வந்ததும் காசு என்ற முறையில் கவனம் தேவை, கூரியர்காரர் கூப்பிடும்போது வீட்டில் வேறு யாராவது போனை எடுத்தால் பெட்டி அப்படியே திரும்பி வரும், போக்குவரத்துச் செலவு உங்கள் தலையில்.

கையில் கொஞ்சம் பணம்தான் என்றால் முதலில் கட்டுரைகளை ஒரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்க்கச் செலவழியுங்கள், அடுத்தது பெட்டிக்கு. அமேசானில் ரெண்டு மூன்று பொருள் மட்டும் வைத்தால் போதும். விளம்பரத்தை, எந்தக் கட்டுரை ஆள் கொண்டுவருகிறது என்று தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.